துரை ஏறுவதற்கு முந்தின நாள் மலையைக் கூட்டினோம்

எனக்கு எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்து வீட்டிலேயே நின்றுவிடுவேன். எழுத்துப் பிழை இருக்கும். நடுவில் மறந்தும் போவேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டே காலத்தை ஓட்டியவள் நான். தாளில் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. தாள் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

விஷயம் ஒரு காலண்டர். கந்தப்பளையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா வருசா வருசம் எங்கள் வீட்டுக்கு ஒன்று கொடுப்பார். இந்த வருசத்துக் காலண்டரை மருமகள் வாங்கி வந்து ஆணியில் மாட்டினாள். படத்தில் ஒரு மலை. கண்ணாடி போடாமலே தெரிந்துவிட்டது, எங்கள் மலை. கண்ணாடி போட்டுக் கீழே இருந்ததைப் படித்தேன். இந்தச் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர் இன்ன துரை, அவர் பெயரே சிகரத்துக்கு வழங்குகிறது என்று அச்சடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறிவிட்டது.

"என்னங்க அத்தே, தேத்தண்ணி பொரையேறிருச்சா?" என்று மருமகள் ஓடி வந்தாள்.

"பொரையேறலம்மா. அவரு மொதமொதல்ல ஏறுனாருன்னு போட்டிருக்கே, அதுக்கு முந்தின நாளு அந்த மலைய வெளக்கமாறு போட்டுக் கூட்டுனது நாங்கதான்."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

என் சின்ன வயதில் அந்த மலைக்கு ஒரு பேர் போதவில்லை. கீழே நாட்டுக் கிராமத்துச் சிங்கள ஆட்கள் வந்துராகல என்பார்கள், குரங்குப் பாறை என்று அர்த்தம். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் வரைபடத்தில் பேரே இல்லை, உயரம் மட்டும் இருந்தது என்று ஆபீஸ் கிளாக்கர் ஐயா சொல்வார். லயத்தில் நாங்கள் சொன்னது சடையி மலை.

சடையி ஒன்றும் சாமி இல்லை. எங்கள் லயத்து வரிசையில் நாலு காம்பரா தள்ளிக் குடியிருந்தவர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். நிறைமாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகுக்கு உச்சி வரைக்கும் போயிருக்கிறார். "மேல காஞ்ச வெறகு கெடக்குமேன்னு போனேன், வலி வருமுன்னா கண்டேன்" என்பார். உச்சியில் ஒரு பாறை இடுக்கில் பெண் குழந்தை பிறந்தது. கூடப் போன இரண்டு பெண்கள் தொப்புள் கொடியை அங்கேயே புதைத்துவிட்டு, பிள்ளையைக் கொழுந்துக் கூடையில் போட்டுத் தலைக்கயிறு மாட்டித் தூக்கி வந்தார்கள். முப்பது நாள் தீட்டுக் கழிந்ததும் அத்தை அந்தக் கூடையை மறுபடி மேலே கொண்டுபோய், மஞ்சள் துணி ஒன்று முடிந்து, அதே இடுக்கில் மழை படாமல் வைத்தார். பிள்ளையைச் சுமந்த கூடையில் மறுபடி கொழுந்து போடப் பிடிக்கவில்லையாம். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் கூடை பழசானால் அடுப்பில் வைக்காமல் மேலே கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தார்கள். எனக்கு விவரம் தெரிந்தபோது உச்சியில் ஐம்பது அறுபது கூடைகள் இருந்தன. தூரத்தில் இருந்து பார்த்தால் ஆட்கள் குந்தியிருக்கிற மாதிரி.

அந்தப் பிள்ளைதான் பவுனு. என் கூட்டாளி. இரண்டு பேரும் ஒரே நாளில்தான் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தோம். பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்போம். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

கொழுந்துக் கூடைக்கு ஒரு வாசம் உண்டு. மூங்கில், பச்சைக் கொழுந்து, மழையில் ஊறிய கம்பளி, கழுத்து வேர்வை, எல்லாம் சேர்ந்தது. காலண்டரை மோந்து பார்த்தேன், மை வாசம்தான் வந்தது. பைத்தியம் மாதிரி ஏன் மோந்தேன் என்று கேட்காதீர்கள். எங்கே விட்டேன்? ஆ, பவுனு.

பிரஜா உரிமைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. எல்லோரும் பிறந்த இடத்துக்குத் தாள் காட்ட வேண்டும். பவுனுக்குத் தாள் இல்லை. அவள் பிறந்தபோது இருந்த மருந்துக்கார ஐயா, "லயத்துல பொறந்தா இத்தனாம் நம்பர் லயமுன்னு எழுதுவேன். மலைக்கு நம்பர் இல்லையே, எந்தக் கட்டத்துல எழுதுறது?" என்று பிறப்புப் பதிவுப் புத்தகத்தை மூடிவிட்டாராம். விண்ணப்பம் தள்ளுபடியானால் இந்தியாவுக்குப் போக வேண்டும். அத்தை கைப்பிள்ளையாக விட்டு வந்த இந்தியா. பவுனு கண்ணால் காணாத இந்தியா.

கிளாக்கர் ஐயா நல்ல மனுசர். யோசனை சொன்னார். "சடையி, தொரை அந்த மலைல ஏறிப் பேர் வெக்கப் போறாராம். ஒன் பேரையே வெக்கச் சொல்லிக் கேளு. இன்னாரு மக இன்ன மலைல பொறந்தான்னு ஒரு துண்டுச் சீட்டும் வாங்கிரு. பொறகு யாரு மறுக்க முடியும்?"

அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு. துரை ஏறும் அன்றைக்கே உச்சியில் வைத்துக் கேட்டுவிடுவதாக இருந்தார்.

துரை முதலில் தன் துரைசாணி பேரைத்தான் வைக்க நினைத்தாராம். பங்களாவில் சமைக்கும் அப்பு வந்து சொன்னார். "துரைசாணி ஜன்னல் வழியா மலையப் பாத்துச்சு. இம்புட்டுக் குண்டா, மேல மொட்டையா இருக்கே, இதுக்கா என் பேருன்னு ரெண்டு நாளா தொரைகூடப் பேச்சு வார்த்த இல்ல."

ஏறும் நாளுக்கு முந்தின நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில், கங்காணி நின்றார். "இருபது பேரு மலைக்கு. பெரிய எடத்து ஆளுங்க வர்றாங்க. சுத்தமா இருக்கணும்." பெரிய ஆட்கள் வந்தால் எங்களுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். லயத்தைக் கூட்டுவோம், தண்ணி ஓடும் கானை வெட்டுவோம், சுண்ணாம்பு அடிப்போம். மலைக்கும் அதையே செய்தோம். விளக்கமாறு, மண்வெட்டி, இரண்டு வாளி சுண்ணாம்பு. ஒற்றையடிப் பாதையைக் கூட்டி, இரண்டு பக்கமும் கல் அடுக்கி, உச்சிப் பாறை வரைக்கும் வெள்ளை அடித்தோம். வழுக்குகிற இடத்தில் படி வெட்டினோம். யாரும் இதுவரை ஏறாத மலைக்குப் படி எதற்கு என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், உச்சியில் கோலம்கூடப் போடப் பார்த்தோம், காற்று விடவில்லை.

கூடைகளைப் பார்த்துக் கங்காணி தலையில் கை வைத்தார். "ஐயோ, இத்தன கூடை இருந்தா மொதல்ல ஏறுனதா எப்புடிப் படம் புடிக்கிறது? பின்னாடி மறைச்சு வையிங்க!" நாங்களே எடுத்துப் பாறைக்குப் பின்னால் அடுக்கினோம். அத்தையின் கூடையையும்தான். "ஒரு நாளைக்குத்தானே" என்று அத்தை மஞ்சள் துணியை நீவிவிட்டு வைத்தார்.

மறுநாள் துரையும் நுவரெலியாவில் இருந்து வந்த இரண்டு சிநேகிதர்களும் இடுப்போடு இடுப்பாகக் கயிறு கட்டிக்கொண்டார்கள். கையில் இரும்பு முனைத் தடி. பவுனு அன்றைக்குக் கொழுந்துக்குப் போய்விட்டாள்; அத்தையோடு சேர்த்து நாங்கள் ஆறு பெண்கள் மேசை, நாற்காலி, பீங்கான், சாப்பாடு எல்லாம் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு பின்னால் போனோம். அவர்கள் ஒவ்வொரு படியையும் தடியால் குத்திப் பார்த்து ஏறினார்கள். முந்தின நாள் நாங்கள் வெட்டின படி. எங்களுக்குக் கழுத்து வலித்தது. அத்தை வழக்கமாக விறகுக்குப் போகிற குறுக்கு வழியில் விறுவிறு என்று போய் உச்சியில் நின்றுவிட்டார்.

"ஏ சடையி! எறங்கு! எறங்கு கீழ! தொரைதான் மொதல்ல வரணும்!" என்று கங்காணி கத்தினார்.

அத்தை தலைச்சுமையோடு இறங்கி வந்து, துரை ஏறினதும் மறுபடி ஏறினார்.

துரை கொடியை நட்டார். படம் பிடித்தார்கள். பிறகு இங்கிலீசில் பேசினார். கங்காணி எங்களுக்குச் சொன்னார்: "இதுவரைக்கும் இங்க மனுசக் காலே பட்டதில்லையாம். கை தட்டுங்க." தட்டினோம். மலைக்குத் துரை தன் பேரையே வைத்தார். அதற்கும் தட்டினோம். அத்தை மட்டும் தட்டவில்லை. ஒரு அடி முன்னால் போய்க் கும்பிட்டார். "ஐயா, மனுசக் காலு படலேன்னா, அந்தா அந்த எடுக்குல எம்மக பொறந்தாளே, அது எப்புடிங்க?"

துரை கங்காணியைப் பார்த்தார். கங்காணிக்கு வேர்த்துவிட்டது. "சாப்பாடு ஆறுதுன்னு சொல்றா தொரைகளே," என்றார்.

துரைக்குச் சந்தோசம். உட்கார்ந்து, தேத்தண்ணி கேட்டார்.

அடுப்புக்கு என்னைத்தான் விட்டிருந்தார்கள். பனியில் நனைந்த விறகு, புகைதான் வந்தது. "கூடைங்களப் போடு!" என்று கங்காணி கையைக் காட்டினார். ஒவ்வொன்றாகப் போட்டேன். நன்றாகக் காய்ந்த மூங்கில், படபடவென்று எரிந்தது. அந்த வாசம் அப்படியே எழுந்தது. மூன்று துரைமாருக்கும் இரண்டு சுற்று. இரண்டாவது கேத்தல் பாதி கொதிக்கும்போது கூடைகள் முடிந்துவிட்டன. மஞ்சள் துணிக் கூடை ஒன்றுதான் மிச்சம். கங்காணி "சீக்கிரம்!" என்றார். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் பீங்கான் துடைத்துக்கொண்டிருந்தார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டுவிட்டேன்.

தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று துரை சொன்னதாகக் கங்காணி வந்து சொன்னார்.

அத்தை சாம்பலைப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

விசாரணைக்கு நுவரெலியாவுக்கு அத்தை, பவுனு, கிளாக்கர் ஐயா, துணைக்கு நான் போனோம். கிளாக்கர் ஐயா, மலை என்று ஒன்று இருப்பதற்கு ஆதாரம் வேண்டுமே என்று, இங்கிலீஸ் பேப்பரில் வந்த துரையின் படத்தை வெட்டி விண்ணப்பத்தோடு ஒட்டியிருந்தார். நல்ல மனுசர் என்று சொன்னேன் அல்லவா, அவர் செய்தது அது. விசாரித்தவர் படத்துக்குக் கீழே இருந்ததை இரண்டு தரம் படித்தார். கோபப்படவில்லை.

"இந்த மலையில மொதல் மனுசன் ஏறுனது போன வருசம். ஒங்க மகளுக்கு வயசு பதினாறு. மொதல் மனுசனுக்கு முன்னாடி அங்க எப்படிம்மா பொறந்தா?"

"நான் ஏறிப் பெத்தேங்க."

"ஏறுனதுக்கு அடையாளம் ஏதாவது இருக்கா?"

"கூடை இருந்துச்சுங்க ஐயா. எம்மகள வெச்சுத் தூக்குன கூடை."

"இப்ப இருக்கா?"

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பவுனு அத்தையின் முகத்தைப் பார்த்தாள். கதவோரம் நின்றிருந்த நான் வழக்கம் போலப் பேசவில்லை.

தள்ளுபடி ஆயிற்று. கொஞ்ச வருசம் அப்பீல், மனு என்று இழுத்து, கடைசியில் தாயும் மகளும் கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். பவுனுக்குக் கொடுத்த தாளில் பிறந்த ஊர் என்ற இடத்தில் துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தின் பேர் எழுதியிருந்தது. அத்தையின் அப்பா ஊர். கட்டம் காலியாக இருக்கக்கூடாதாம். ஹட்டன் ஸ்டேசனில் பவுனு அதைக் கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கேட்டியாடி? நான் பொறந்த ஊர இப்பத்தான் மொதமொதல்ல பாக்கப் போறேன்!"

நானும் சிரித்தேன். ரயில் போன பிறகுதான், கூடையைப் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்லாமல் விட்டது ஞாபகம் வந்தது. இரண்டு கடிதம் வந்தது. பிறகு இல்லை.

எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் கொழுந்தைச் சாக்கில் கட்டுகிறார்கள். சடையி மலை எது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டேன், "அப்புடி ஒன்னு இல்லீங்களே பாட்டி" என்றது. துரை பேரைச் சொன்னேன், உடனே கையைக் காட்டியது.

நான் எழுதியதில் முன்பின்னாக இருக்கலாம். துரை ஏறின வருசத்தைக் காலண்டரில் போடவில்லை. தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். மேலே போகிறவர்கள் இருந்தால், அந்தப் பாறை இடுக்கில் பக்கத்துக் கல்லெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஒரு கல் மட்டும் அடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். பவுனுடைய தொப்புள் கொடி புதைத்த கல் அது. மலையைக் கூட்டின அன்றைக்கு, அதற்கு மட்டும் வெள்ளை அடிக்க வேண்டாம் என்று பவுனு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு இத்தனை வருச மழைக்கு நிற்காது என்று மருமகள் சொல்கிறாள். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.