கண் திறந்த இரும்பு

எங்கள் வீட்டில் கலை என்ற சொல் சண்டை போடுவதற்கு மட்டுமே பயன்பட்டது. ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை ஒன்றில் வெல்டராக இருந்த நைனா. மறுபக்கம் தினமும் ரயிலேறி மதராசுக்குப் போய் ஓவியப் பள்ளியில் படித்த சித்தப்பா. எழுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயது. அன்றைக்குக் கடலை மிட்டாய் வாங்கி வந்தது யார் என்பதைப் பொறுத்து என் கலைக்கொள்கை மாறிக்கொண்டிருந்தது.

படிப்பின் கடைசி வருடம் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்பு உருவம் செய்தார். பல்சக்கரம், சைக்கிள் செயின், ஆலையில் கழித்துப் போட்ட தகடு என்று கிடைத்ததையெல்லாம் நைனாவிடம் கற்ற வெல்டிங்கால் நைனாவுக்கு எதிராகவே ஒட்டியிருந்தார். என் உயரத்துக்கு நின்றது. தலை மாதிரி ஒன்று இருந்தது, முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய தகட்டில் இரண்டு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன.

“இது கலைன்னா, எங்க கம்பெனி பின்னால கொட்டிக் கெடக்குதே, அது இன்னா மியூசியமா?” என்றார் நைனா.

“எதிர்ல வந்து நிக்கிறவன் கோயில்ல நிக்கற மாதிரி நிக்கணும்ணா. ஆனா சாமி இருக்கக் கூடாது. அவ்ளோதான்” என்றார் சித்தப்பா.

“சாமி இல்லாம இன்னாத்துக்குடா கோயிலு?”

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மதராசில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்கு உருவம் தேர்வானால் சித்தப்பா அவர் வழியில் போகலாம். இல்லையென்றால் மறுவாரமே நைனாவோடு ஆலைக்குப் போக வேண்டும்.

சித்தப்பா எனக்குப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. உருவத்தின் பக்கம் செருப்பில்லாமல் வரக்கூடாது. அங்கே தரையெல்லாம் இரும்புத் தூளும் கம்பி நறுக்கும் கிடந்தன. ஒருமுறை என் பாதத்தில் ஏறிய துண்டை ஊக்கால் எடுத்தவரும் அவர்தான்.

அந்த மாதம் எங்கள் தெருக் கோயிலில் புது அம்மன் சிலை வைத்தார்கள். திரை கட்டி, எல்லா வேலையும் முடிந்தபின் ஸ்தபதி கடைசியாகச் சிலைக்குக் கண் திறந்தார். திரை விலகியதும் அம்மன் முதலில் பார்ப்பதற்காகக் கண்ணாடியும் கன்றோடு பசுவும் காட்டினார்கள். முன்வரிசையில் நின்று ஒன்று விடாமல் பார்த்தவள் நான். அதனால் உருவத்தைத் தேர்வுக்கு ஏற்றிப்போக லாரி வரவேண்டிய காலையில், சித்தப்பாவின் உருவம் இன்னும் கண்ணில்லாமல் நிற்பதைக் கண்டு பதறிப்போனேன். பாவம், அவசரத்தில் மனிதர் மறந்துவிட்டார்!

அவர் லாரியைக் கூட்டிவரப் போயிருந்தார். அத்தையின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து இரண்டு ஓட்டைகளையும் சுற்றி வெள்ளையாகப் பூசினேன். அம்மாவின் மை டப்பியால் இமை வரைந்தேன். நைனாவின் சவரக் கண்ணாடியைக் காட்டினேன். பசுவுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு ஆட்டை இழுத்து வந்தேன். ஆடு ஒத்துழைக்காமல் ஊரைக் கூட்டியது.

முதலில் வந்தவர் அத்தை. நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். உருவத்தைப் பார்த்தவர் அப்படியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே போய்க் கற்பூரத்தோடு வந்தார். லாரியோடு சித்தப்பா திரும்பும்போது தெருப் பெண்கள் நாலைந்து பேர் பூவோடு நின்றிருந்தார்கள்.

“யாருக்கா இதப் பண்ணது?”

“யாரு தொறந்தா இன்னாடா? தொறந்தாச்சு. கண்ணு தொறந்த சாமிய லாரியில ஏத்தி ஊட்ட விட்டு அனுப்புவாங்களா?”

“அக்கா, அது சாமி இல்ல. இரும்பு.”

“அப்ப நீயே தொடை. உன் கையால தொடைச்சிட்டு எடுத்துக்கினு போ.”

தெருவில் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தம்பியை ஜெயிக்க நைனாவுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வந்திருக்காது. ஆனால் அவர் லாரிக்காரரைத்தான் பொறுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். சித்தப்பா ஆலைக்குப் போக நேர்ந்தால் அது என்னால்தான்.

சித்தப்பா ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து எடுத்து வந்தார். பின்வாசல் படியில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, வெறுங்காலோடு அந்த இரும்புத் தூளில் நடந்தார். இதையாவது சரி செய்வோம் என்று அவர் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“சித்தப்பா, செருப்பு! குத்தும்!”

“அங்கியே வச்சிட்டுப் போம்மா” என்றார், திரும்பிப் பார்க்காமல். இடது கண்ணைத் துடைத்தார். பிறகு வலது கண்ணைத் துடைத்தார். நைனா தம்பியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை லாரிக்காரர்களுக்கு வழி விட்டார்.

உருவம் தேர்வாயிற்று. சித்தப்பா ஆலைக்குப் போகவில்லை. நைனா தோற்றதை ஒப்புக்கொள்ளாமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்காட்சிக்குப் போய்வந்தார்.

எனக்கு மட்டும் வெகுநாள் வருத்தம் இருந்தது. கண் வரைந்துவிட்ட கோபத்தில், நான் ஓடி ஓடிக் கொண்டுபோன செருப்பைக்கூட சித்தப்பா வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லையே என்று.