மாமி கையோடு கொண்டுவந்த கடிதம்

அப்போது எனக்கு இருபது வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்லூரியில் லண்டன் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தாவரவியல் படிக்கிறவளுக்கு நுணுக்குக்காட்டி வேண்டும். அங்கே இருந்தது ஒன்றே ஒன்று. அதன் வில்லையிலும் கீறல். அதனால் மலைநாட்டிலிருந்த அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு, இரண்டாம் வருடத்துக்கு, மாற்றம் கேட்டு விண்ணப்பித்தேன். இடம் கிடைக்காவிட்டால் படிப்பையே விட்டுவிடுவேன் என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன். அந்த வயதில் எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

விண்ணப்பத்தில் மாமியின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். மாமி ஐயாவின் அக்கா. அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். மாமா இறந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. கல்லூரி நாட்களில் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். லீவு விட்டதும் வன்னியில் ஐயா வயல் செய்த கண்டாவளைக்கு வந்துவிட்டேன். வைகாசியும் வந்தது. பதில் வரவில்லை.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்துச் சொந்தங்கள் வருவார்கள். பனங்கட்டி, ஒடியல், கலியாணப் பேச்சு, கடிதம் எல்லாம் அவர்கள் கையில்தான் வரும். முத்திரை ஒட்டித் தபாலில் போடுவது அந்நியருக்கு எழுதுகிறவர்களின் வேலை என்பது எங்கள் ஆட்களின் எண்ணம்.

பொங்கலன்று ஐயாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. கோயில் வெளியில் மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினோம். மத்தியானம் மாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். பையில் பனங்கட்டிக்குக் கீழே ஒரு நீளக் கடித உறை.

"உனக்கு வந்தது, பிள்ளை. எப்பிடியும் பொங்கலுக்கு வாறன்தானே எண்டு கையோட கொண்டுவந்தனான்."

உடைத்தேன். இடம் கிடைத்திருந்தது. ஆனால் சம்மதம் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். அன்றுதான் திங்கட்கிழமை. உறையில் இருந்த தபால் முத்திரையின் திகதி இரண்டு வாரம் பழையது.

"ஐயா, இண்டைக்குள்ள பதில் போகாட்டி இடம் இல்லையாம்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐயா பானையைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. நேர்த்தி வைத்தவர் பொங்கி வழியும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும்.

"அக்கா, நீங்கள் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு எழும்பினார்.

கோயிலடியில் வளையல் விற்ற காப்புக்கடை முஸ்லிம் நானாவிடம் சைக்கிளை இரவல் வாங்கினார். சேலையோடு கரியரில் ஏறி உட்கார்ந்தேன். பாதி வன்னி அங்கேதான் நின்றது. "மாப்பிள்ளை இல்லாமலே ஊர்வலம் போகுது" என்று யாரோ சிரித்தார்கள். முல்லைத்தீவு வரை மணல் ரோட்டில் ஐயா எழுந்து நின்று மிதித்தார்.

தபாற்கந்தோர் திறந்திருந்தது. இரண்டு படிவத்தைக் கெடுத்து மூன்றாவதை நிரப்பினேன். தபாலதிபர் அவசரத் தந்தியாக அடித்தார். "ஒரு மணித்தியாலத்தில அங்க போயிடும், தங்கச்சி" என்றார். வாசலுக்கு வந்ததும் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவு சந்தோசம் அதற்கு முன் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது பானை பொங்கியிருந்தது. மாமி புகையில் சிவந்த கண்ணோடு அடுப்படியில் இருந்தார். "கிழக்காலதான் வழிஞ்சது, தம்பி" என்றார். ஐயா கும்பிடப் போனார். மாமியிடம் கேட்க வழியெல்லாம் நாலு சுடுசொல் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அனுப்பிப்போட்டியோ?"

"ஓம், மாமி."

அவர் அகப்பையால் கிளறிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கையோட கொண்டுவர எண்டு வைச்சிருக்கேல்லை, பிள்ளை. உனக்கு அனுப்பவெண்டு ரெண்டு தரம் தபாற்கந்தோர் வாசல்மட்டும் போனனான். போட மனம் வரேல்லை. நீ போனா அந்த வீட்டில நான் ஆரோட கதைக்கிறது?"

பக்கத்தில் குந்தி அகப்பையை வாங்கினேன்.

"முதல் லீவுக்கு உங்களிட்டத்தான் வருவன்" என்றேன்.

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அதுக்கு முதல் கடிதம் எழுது. ஆரிட்டையும் குடுத்து விடாதை, தபாலில போடு."