நான் நிரவி எழுதிய எண்கள்

பிள்ளைகளா, செம்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் அட்டெண்டராகச் சேர்ந்த முதல் வருஷம் நடந்தது இது. அப்பா பொய்யே சொல்லமாட்டார் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிக் காட்டினீர்களே, அதனால் எழுதுகிறேன்.

அங்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடிப் பீப்பாய் உண்டு. அது நிறையத் தண்ணீர். அடித்தட்டைச் சூடாக்குவோம், மேல்தட்டைக் குளிரவைப்போம். சூடான தண்ணீர் ஏறும், குளிர்ந்தது இறங்கும், இரண்டும் முட்டி மோதித் தாறுமாறாகச் சுழலும். உலையில் அரிசி புரளுமே, அது மாதிரி, ஆனால் கொதிக்காமலே. அந்தச் சுழற்சியை அளப்பதுதான் ஆராய்ச்சி. மாட்டுங்காவிலிருந்து வரும் ஓர் ஆராய்ச்சி மாணவி அதற்காக இரண்டு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தாள்.

அளவுகளைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர் ஒரு வாரம் ரிப்பேருக்குப் போய்விட்டது. அவள் பாடம் எடுக்கப் போகும் நேரத்தில், மீட்டரில் தெரியும் சூட்டை நிமிஷத்துக்கு ஒருமுறை நோட்டில் எழுதச் சொன்னாள்.

எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. முப்பத்தொன்று புள்ளி இரண்டு, அடுத்து புள்ளி எட்டு, உடனே முப்பதுக்கு இறங்கும். அதற்கு முன் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் துண்டு வெட்டியவன் நான். நூலளவு கூடினாலும் சேட்டிடம் ஏச்சு விழும். கோணல்மாணலாக எண்களைக் கொடுத்தால், பார்க்கத் தெரியாதவன் என்பார்களோ என்று பயந்தேன். நடுவாக ஒன்றைப் பிடித்து, எல்லாவற்றையும் நிரவி எழுதினேன்.

“உங்க டூட்டில மட்டும் தண்ணி தூங்கறதே அண்ணா, தாலாட்டு பாடறேளா?” என்று நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல் கேட்டாள்: “பார்த்ததைத்தானே எழுதினேள்?”

“ஆமா தாயி, பாத்ததத்தான எழுதுவேன்” என்றேன்.

நம்பினாள். தண்ணீர் அந்த நேரத்தில் ஏன் அடங்குகிறது என்று நாலு நாள் சாப்பாட்டை மறந்து கணக்குப் போட்டாள். புதிதாக ஒன்று கண்டுபிடித்திருப்பதாக அவளுடைய பேராசிரியரிடமும் சொல்லிவிட்டாள். அதைப் பெரிய கூட்டத்தில் வாசிக்கலாம் என்றார் அவர். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

“அது ஆடிக்கிட்டேதான் கெடந்துச்சு தாயி. நாந்தான் நிரவிட்டேன்.”

“அந்த ஆட்டம்தான் அண்ணா எனக்கு வேணும்” என்றாள். அவ்வளவுதான். நோட்டை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். இங்கிலீஷில் பேசினார்கள். மீட்டர் கோளாறு, சரிபார்க்காதது தன் தப்பு என்று அவள் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் சத்தம் போட்டார். தலைகுனிந்து நின்றாள்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, “மீட்டர் கெட்டுப்போச்சாமே?” என்று கேட்டார்.

அவள் பின்னால்தான் நின்றாள். நான், “ஆமா சார்” என்றேன்.

அதைக் கழற்றி ஸ்டோரில் வைக்கச் சொன்னார். கழற்றப் போனபோதும் எண்கள் சரியாகத்தான் துள்ளிக்கொண்டிருந்தன. ஸ்விட்சை அணைத்தேன்.