ஒரு நாட்டையே வலம் வந்தோம்

போன வருடம் ஆயுத பூஜை விடுமுறையில் நடந்தது. இடம் வத்திக்கான். ஆவடிக்காரனுக்கு வத்திக்கானில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அதைக் கேட்காத ஆளே இல்லை.

வேலை எனக்கில்லை, என் மனைவிக்கு. அம்பத்தூரில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் அவள். இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு மாம்பழமும், ரெண்டு மலைக்கு நடுவில் சூரியனும் வரையக் கற்றுக்கொடுக்கிறாள். எங்கள் பீரோ கதவின் உள்பக்கத்தில், பழைய காலண்டரிலிருந்து வெட்டிய ஒரு படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். கடவுளின் விரலும் மனிதனின் விரலும் தொடப்போகிற படம். அந்த ஓவியம் வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் இருக்கிறது. ஒரு தடவையாவது அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வேறு எதுவும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சின்னதாக எதையாவது வாங்கிக் கொடுத்துத் தப்பித்திருப்பேன்.

எங்களோடு என் மச்சினனும் வந்தான். அவளுடைய தம்பி, சென்னீர்குப்பத்தில் தண்ணீர் கேன் போடுகிறவன். "அக்காவ உன்ன நம்பியெல்லாம் அனுப்ப முடியாது மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பித்தான். அவன் வாய் முகூர்த்தம் அப்படி.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே நான் வத்திக்கான் நிபுணன் ஆகிவிட்டேன். இருக்கிற வீடியோவையெல்லாம் பார்த்து, சாயங்கால நடைக் கூட்டாளிகளுக்கு வகுப்பே எடுத்தேன். முட்டியும் தோளும் மூடியிருக்க வேண்டும், டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும், சிற்றாலயத்துக்குள் போட்டோ எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது என்றெல்லாம் அடுக்கினேன். கடைசியில் இதையும் சேர்த்துக்கொள்வேன்: "நாடு மொத்தமே நூறு ஏக்கர் சொச்சம்தான்யா. நம்ம ஃபேக்டரி காம்பவுண்டு அதைவிடப் பெருசு. காலையில ஒரு ரவுண்டு நடந்துட்டு டிபனுக்கு வந்துடலாம்."

அந்த ரவுண்டு எனக்காக அங்கே காத்திருந்தது.

எங்கள் டிக்கெட் காலை பத்தரை மணிக்கு. மறுநாள் விடியற்காலையில் ஊருக்கு விமானம். அதனால் அந்த ஒரு நாள்தான், மூன்று பேருக்கும் சேர்த்து அந்த ஒரு டிக்கெட் தாள்தான். எதற்கும் இருக்கட்டும் என்று எட்டு மணிக்கே பேராலயத்தின் முன்னால் இருக்கும் பெரிய சதுக்கத்துக்குப் போய்விட்டோம். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஒரு வரிசை. வரிசையில் நிற்க நமக்கா சொல்லித்தர வேண்டும்? ஆடி வெள்ளிக்கு மாங்காட்டு அம்மன் கோவிலில் நின்று தேறிய கால்கள். பெருமையோடு போய் நின்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து மச்சினன் என் காதில் சொன்னான். "மாமா, இந்த லைன்ல எவன் கையிலயும் டிக்கெட் இல்ல. பாத்தியா?"

"எல்லாரும் போன்ல வச்சிருப்பாங்கடா" என்றேன். நிபுணன் அல்லவா.

முனைக்குப் போனதும் ஒரு போலீஸ்காரர் மனைவி கையிலிருந்த டிக்கெட் தாளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். நாங்கள் நின்றது பேராலயத்துக்கான வரிசையாம். அதற்கு டிக்கெட்டே கிடையாதாம். நாங்கள் போக வேண்டிய சிற்றாலயம் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறதாம். அருங்காட்சியகத்தின் வாசல் வேறு பக்கம், கோட்டைச் சுவரை ஒட்டியே போனால் பதினைந்து நிமிட நடை என்று வலது கையை நீட்டிக் காட்டினார். மணி பத்தாக ஐந்து நிமிடம் இருந்தது.

இந்தத் தவறு யாருக்கும் வரும். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் மாறி நிற்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கடுத்து நான் செய்ததை நம்மூர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

பேராலயத்தைப் பார்த்து நின்றுகொண்டு யோசித்தேன். வலது பக்கம் போனால் கோவில் நமக்கு இடக்கைப் பக்கம் வரும். அதாவது அப்பிரதட்சிணம். இவ்வளவு தூரம் வந்து, நல்ல காரியத்துக்குப் போகும்போது கோவிலை இடமாகச் சுற்றுவதா? இத்தனைக்கும் வீட்டில் அவள் விளக்கேற்றும்போது நான் டிவியில் கிரிக்கெட் பார்க்கிற ஆசாமி. அந்த நேரத்தில் எங்கிருந்தோ பக்தி பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போதாக்குறைக்கு வலது பக்கம் ஒரே கூட்டம், இடது பக்கம் காலி.

"வலமாவே போவோம். வட்டச் சுவர்தான, எப்படிப் போனாலும் அந்த வாசல் வந்துதான் ஆகணும். புண்ணியத்துக்குப் புண்ணியமும் ஆச்சு" என்று முடிவை அறிவித்தேன்.

"அந்தப் போலீஸ்காரர் அந்தப் பக்கமில்லங்க கை காட்டினார்?" என்றாள் மனைவி.

"அவருக்கு நம்ம முறை தெரியுமாம்மா?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தேன்.

நாடு சின்னதுதான். ஆனால் அது ஒரு குன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை எந்த வீடியோவிலும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நான் பிடித்த வழியில் சாலை மேடேறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே இருந்தது. வலது கைப் பக்கம் நாலைந்து ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர். கதவில்லை, ஜன்னலில்லை, விசாரிக்க ஒரு டீக்கடை இல்லை. எதிரில் வருகிற சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வழியில் ஒரு தெருக்குழாய். திறந்தபடி சில்லென்று தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ரோம் நகரம் முழுக்க அப்படி உண்டு. காலி பாட்டில் ஒன்று கையில் இருந்தால் போதும், தண்ணீர் வாங்கவே வேண்டாம். மச்சினன் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா மாமா இது, நம்ம கேன் தண்ணியவிட நல்லா கீது. சும்மா ரோட்ல உட்டுகினு கீறானுங்க! இந்த ஊர்ல பொறந்திருந்தா நானு பொயப்புக்கு இன்னா பண்ணிருப்பேன்?"

"வாடா, நேரமாச்சு."

"வாசல் எங்க மாமா?"

"வரும்."

"அதத்தான் அரை அவரா சொல்லிகினு கீற."

பத்தரை மணி அடித்தபோது நாங்கள் மேட்டின் உச்சியில் இருந்தோம். எங்கேயோ உள்ளே மணியோசை கேட்டது. என் மனைவி நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் பேசுவது வேறு தமிழ். நிஜமாகவே கோபம் வந்தால் மட்டும் பிறந்த ஊரான பூந்தமல்லி வெளியே வரும்.

"இன்னா மனுசன்யா நீ? நாடு பூரா சுத்திக் காட்டிட்ட, உள்ள மட்டும் காட்டல."

மச்சினன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு நேரமாயிருந்தால். அவள் கையில் இருந்த டிக்கெட் தாளை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி நான்காக மடித்தாள். அவ்வளவுதான். எனக்குள்ளே இருந்த கோமாளி அந்த மடிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். இறக்கம் வந்ததும் நான் ஓடவே ஆரம்பித்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில், தொப்பையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு.

வாசலை அடைந்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து. அங்கே தாடி வைத்த ஊழியர் ஒருவர் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். உங்கள் நேரம் முடிந்துவிட்டது, இன்றைய டிக்கெட் எல்லாம் தீர்ந்தாயிற்று என்றார். நான் ஆங்கிலத்தில் மன்றாடினேன். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஒன்றையொன்று அதற்குமுன் சந்தித்ததே இல்லை. ஏன் தாமதம் என்று கேட்டார். மச்சினன் உதவிக்கு வந்து, காற்றில் விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினான். அதைப் பார்த்து, எங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நாற்காலியைக் காட்டினார்.

அப்போதுதான் மனைவி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "குனிடா" என்றாள் தம்பியை. அவன் முதுகில் டிக்கெட் தாளைக் குப்புற வைத்து, வெற்றுப் பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள். "அக்கா, கூசுது" என்று அவன் நெளிய நெளிய, ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட்டாள்.

முட்டை வடிவத்தில் ஒரு சுவர். நடுவில் பேராலயத்தின் குவிமாடம். முன்னால் வலது பக்கம் கை காட்டும் போலீஸ்காரர். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றை விரலை உயர்த்தி, தலைவர் மாதிரி இடது பக்கம் போகும் நான். முதலில் தொப்பை போகிறது, அதற்குப் பின்னால்தான் நான் போகிறேன். எனக்குப் பின்னால் குழாயில் வாய் வைத்தபடி ஒருத்தன். கடைசியில் புடவை கட்டிய ஒரு பெண், சுவரையும் பார்க்காமல் எங்களையும் பார்க்காமல், கழுத்தை நிமிர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டு நடக்கிறாள்.

ஊழியர் படத்தைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பக்கத்துக் கவுண்டர்களிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்துவிட்டார்கள். அவர்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எனக்கு இதில் வருத்தமே இல்லை. ஒத்துழைக்கிற மாதிரி நன்றாகப் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். என் தொப்பை வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அவர் தாளைத் திருப்பி டிக்கெட்டை இயந்திரத்தில் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு படத்தைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இதை நானே வைத்துக்கொள்ளட்டுமா என்று ஜாடையில் மனைவியிடம் கேட்டார். அவள் தலையசைத்ததும், கவுண்டருக்குள் இருந்த பலகையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதைக் குத்திவைத்தார்.

"அக்கா! உன் படத்த மியூசியத்துல மாட்டிட்டாங்க டோய்!" என்று மச்சினன் கத்தியதில் அந்தக் கூடமே திரும்பிப் பார்த்தது. "மாமா, நீயும் தொங்குற!"

அதற்குப் பின் எத்தனையோ கூடங்கள், சிலைகள், வரைபடங்கள். எதிலும் என் கண் நிற்கவில்லை. சிற்றாலயம் கடைசியில்தான் வருகிறது. உள்ளே நுழைந்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், சுவரோரத் திண்டில் இடம் பிடித்து அவளை உட்காரவைத்தேன். அவள் அண்ணாந்தாள். காவலர்கள் அவ்வப்போது "அமைதி" என்று அதட்டினார்கள். அவர்கள் அதட்ட வேண்டிய ஆள் அவள் இல்லை. வெகுநேரம் கழித்து, குனிந்து என்ன என்று கேட்டேன். கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"கழுத்து வலிக்குதுங்க" என்றாள் மெதுவாக. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்."

இருந்தோம். மச்சினன்கூட முக்கால் மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. அதை அங்கே நடந்த அற்புதமாகவே பதிவு செய்யலாம்.

திரும்பி வந்தபின் குவார்ட்டர்ஸில் யார் வத்திக்கான் போனாலும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். பேராலயத்துக்கு ஒரு வாசல், அருங்காட்சியகத்துக்கு வேறு வாசல் என்கிறேன். போலீஸ்காரர் எந்தப் பக்கம் கை காட்டுகிறாரோ அந்தப் பக்கமே போங்கள், புண்ணியத்தை ஊருக்கு வந்து சேர்த்துக்கொள்ளலாம் என்கிறேன். யாராவது என் மனைவியை "சும்மா டிராயிங் டீச்சர்தானே" என்றால் மட்டும், அவள் படம் எந்த நாட்டில் மாட்டியிருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவேன். அப்புறம் அவர் டீ ஆறிப்போகும்வரை விடமாட்டேன்.

இருபத்தெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் வரையும்போது ஒரு நாள்கூட அருகில் நின்று பார்க்காதவன் நான். இப்போதெல்லாம் அவள் பென்சிலை எடுத்தால் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன். மூடிய வாசல் ஒன்று அந்தக் கைக்குத் திறந்ததை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேனே, இனி எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்?