அப்பா சாப்பிட்ட பிறகுதான் சொல்லணும்

செம்பவாங் கப்பல் பட்டறையில் நாள் முழுக்கக் கொதிக்கும் இரும்போடு கிடந்துவிட்டு வருவேன். குளித்து, திருநீறு பூசி, முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிய பிறகே சாப்பிட உட்காருவேன். சாப்பிட்டு முடிக்கும்வரை கெட்ட செய்தி எதுவும் என் காதுக்கு வராது. அது என் மனைவி வைத்த சட்டம். மனசு கலங்கினால் நான் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கூரை ஒழுகினாலும் சின்னவனுக்குக் காய்ச்சல் என்றாலும், நான் கை கழுவி வந்த பிறகுதான் மெல்ல ஆரம்பிப்பாள்: "ஏங்க, ஒண்ணு சொல்லணும்..."

"உனக்கென்னப்பா, வீட்டுல ராஜா மரியாதை லா!" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு இதை நாங்கள் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. அப்போது அவள் மாசமாக இருந்தாள். நான் வந்தபோது மூத்த மகள்தான் பூசைத் தட்டோடு நின்றாள். ஒன்பது வயது.

"அம்மா எங்க கண்ணு?"

"பின்னாடி இருக்காங்கப்பா. நீங்க போய்க் குளிங்க."

நான் பாட, பூசையில் அவளே மணி அடித்தாள். சோறு போட்டு சாம்பார் ஊற்றினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. பாத்திரம் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

"அடேயப்பா, பெரிய மனுஷி! உப்புதான் கொஞ்சம் கம்மி" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் மோர்ச் சோறு முடிக்கும்வரை காத்திருந்தாள். கை கழுவியதும் தாயைப் போலவே மெல்லச் சொன்னாள்:

"அப்பா, ஒண்ணு சொல்லணும். அம்மா குழாயடியில விழுந்துட்டாங்க. ரத்தமா போகுது. எழுப்பினா பேச மாட்டேங்கிறாங்க."

ஓடினேன். தாயின் தலைக்கடியில் மகள் துண்டை மடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் சின்னவன் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர். தாயும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று.

பிள்ளையை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பேன்? முருகனையும் கேட்கவில்லை. அவன் முன்னால் நான் ஆற அமர நின்று பாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் குழாயடியில் அவள் உயிர் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கும் விளக்கு ஏற்றுகிறேன். வேண்டிக்கொள்ள வாய் வருவதில்லை.

காரியம் முடிந்து திரும்ப வேலைக்குப் போன அன்று மாலை, என் சைக்கிளைக் கண்டதுமே மகள் ரோட்டுக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, தம்பிக்கு முட்டியில சிராய்ப்பு. பால் பொங்கிக் கொட்டிடுச்சு. ஒரு கோழியைக் காணோம்ப்பா..."

அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் இன்னும் சைக்கிளை விட்டு இறங்கக்கூட இல்லை. அதன்பிறகு தினமும் அப்படித்தான். எல்லாம் சொல்லி முடித்தும் நகர மாட்டாள். எதையாவது விட்டுவிட்டேனா என்று யோசித்தபடியே நிற்பாள். போதும்மா என்று சொல்ல எனக்கு நா எழும்பாது.