நாணல்திட்டில் எட்டுக் கண்ணாடிகள்

கருத்தையா ஒருத்தரையும் மதித்ததில்லை. சீவலப்பேரிக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்தில் இருக்கிறது நாணல்திட்டு. இருபத்திரண்டு வீடு, மீதியெல்லாம் வாழை. தன் வீட்டை நீக்கிவிட்டு மற்ற இருபத்தொன்றையும் அவர் தொழுவம் என்றுதான் சொல்வார்.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு: ஐந்து எச்.பி. மோட்டாருக்கு ஒரு கரண்டு லைன். சுற்றிலும் ஆறு ஓடியது. மேட்டிலிருந்த அவர் வாழையோ டீசல் இஞ்சினின் தயவில் நின்றது. எண்பத்தாறில் மனுப் போட்டார். ஒன்பது வருஷம் வரிசையில் நின்று, தொண்ணூற்றைந்தில் அவர் முறை வர இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் டில்லி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வெயிலிலிருந்து கரண்டு எடுக்கிற கண்ணாடி எட்டு பள்ளிக்கூடத்து மாடியில் ஏறியது. வீட்டுக்கு ஒரு குழல்விளக்கு. தலைமை, டாக்டர் குமரகுருபரன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை.

“நாலு பக்கமும் தண்ணி. பரிசோதனைக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது” என்றார் டாக்டர்.

“நாலு பக்கமும் தண்ணின்னா எலி தப்பி ஓட முடியாதுல்லா” என்றார் கருத்தையா, பக்கத்து வீட்டுப் பிச்சைக்கண்ணுவிடம்.

ஆயுத பூஜைக்கு ஊர் கூடி எட்டுக் கண்ணாடிக்கும் திருநீறு பூசிச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தது. கரண்டு பாதியாகிவிட்டது. டாக்டர் பத்து நாள் மேகத்தைச் சந்தேகப்பட்டார், பிறகு பேட்டரியை. மாடியேறிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சாமிக்கு வைத்ததைத் துடைக்க ஆளில்லை, அவரே துடைத்தார். துடைத்துவிட்டு, மக்கள் திட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்று அறிக்கையில் எழுதினார். விளக்கோ அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம்தான் எரிந்து, நோயாளி கண் மாதிரி மஞ்சளாகி அணைந்தது.

முறை வந்ததும் கருத்தையா மின்வாரிய லைன் ஆபீசுக்குப் போனார். “உங்க திட்டு சோதனைத் தீவு அண்ணாச்சி. கண்ணாடி இருக்க மட்டும் கம்பி வராது. அது சரிப்படலைன்னு நிறுவனத்துக்காரங்களே எழுதித் தரணும்” என்றார் அங்கே இருந்தவர்.

திட்டத்தின் கடைசிக் கணக்கெடுப்புக்கு டில்லியிலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. கருத்தையா பிறந்ததிலிருந்து ஏறாத இருபத்தொரு வாசலிலும் ஏறினார். “உள்ளதைச் சொல்லுங்க. வெளிச்சம் பத்தலைன்னு சொல்லுங்க. அது போதும்.” எல்லாரும் தலையாட்டினார்கள்.

வந்தவர்களும் டாக்டரும் பிச்சைக்கண்ணு வீட்டில் கலர் சோடா குடித்தார்கள். விளக்கு எப்படி என்று டாக்டர் கேட்டார்.

“ரொம்ப நல்லாருக்கு சார்” என்றான் பிச்சைக்கண்ணு.

கருத்தையா அவனைக் கொல்லைக்கு இழுத்தார். “ஏலே, அங்கன தலையாட்டிட்டு இங்கன என்னலே சொல்லுத?”

“வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்காவ அண்ணாச்சி. அவுஹ குடுத்ததை அவுஹ முகத்துக்கு நேரயே மோசம்னு எப்படிச் சொல்ல?”

“மாட்டுக்குக்கூட ஒனக்கு மேல புத்தி இருக்கும்லே.”

வீட்டுக்கு வீடு அதேதான் நடந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கலர், ஒவ்வொரு வீட்டிலும் நல்லாருக்கு. கடைசி வீடு கருத்தையாவுடையது. ஒருத்தன் உண்மை சொன்னாலும் அதை எழுதித்தானே ஆகணும் என்று வாசலில் நின்றார்.

டாக்டருக்கு முழங்கால் வரை சேறு. தொட்டியில் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நாற்காலியை டில்லிக்காரர்களுக்கு விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கருத்தையாவின் மனைவி ஆவுடைத்தாய் தோட்டத்துப் பழம் ஒரு சீப்பு வைத்தாள். டாக்டர் இரண்டு தின்றார். “இப்படிப் பழம் தின்னதே இல்லை அண்ணாச்சி” என்றார். பிறகு நோட்டை விரித்தார். டில்லிக்காரர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பேனா மூடியைத் திறந்தார்.

“விளக்கு எப்படி இருக்கு?”

ஒன்பது வருஷம் கருத்தையாவின் நாக்கு நுனியில் நின்றது.

“நல்லாருக்கு சார்” என்றார். “இன்னொரு பழம் எடுத்துக்கிடுங்க.”

அவர்கள் போனபின் பிச்சைக்கண்ணு வேலி மேல் எட்டிப் பார்த்தான். “என்ன அண்ணாச்சி, சொல்லியாச்சா?”

கருத்தையா திரும்பி நடந்தார். மேட்டுக்கு ஏறி டீசல் இஞ்சினின் கைப்பிடியைச் சுற்றினார். இஞ்சின் பிடிக்கவில்லை. காறித் துப்பிவிட்டு மறுபடி சுற்றினார்.

“இருபத்திரண்டு தொழுவம்” என்றார் இஞ்சினிடம்.