உதடு ஒட்டாத அறிவிப்பு

முகம் கொடுத்துப் பேசாதவள் என்று அவளுக்குப் பட்டம் கட்டியவர்கள் யாரும், அந்த முகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் எதை வைத்து அவளைப் பற்றிப் பேசுவது?

பேருந்து நிலையத்தில் அவள் எல்லோருக்கும் மைக்கக்கா. மூன்றாம் நடைமேடைக்கு மேலே, இரும்புப் படியில் ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, மைக், கால அட்டவணை, கரகரவென்று தலையாட்டும் ஒரு மேசை விசிறி. பதினெட்டு வருஷமாக அங்கிருந்து அவள் ஒரு வார்த்தை சொன்னால் கீழே நூறு பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். வீட்டில் மட்டும் அவள் சொல் அம்பலம் ஏறியதில்லை.

போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. வலது கன்னத்தில் யாரோ மின்கம்பியை வைத்து இழுத்த மாதிரி. நான்கைந்து நொடிதான். ஆனால் அந்த நான்கைந்து நொடியில் அவள் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அது நாளுக்கு முப்பது தடவை வந்தது. மென்றால் வந்தது. விசிறிக் காற்று பட்டால் வந்தது. மைக் முன்னால் வாயைத் திறந்தால் கட்டாயம் வந்தது. பாவி மகள், அழக்கூட வழியில்லை. கண்ணீர் வலது கன்னத்தில் இறங்கினால் அதற்கும் ஒரு வெட்டு வெட்டும். தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அழப் பழகிக்கொண்டாள்.

பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. "அப்போ பக்கத்துப் பல்லா இருக்கும்" என்று அதையும் பிடுங்கினார். இரண்டும் நல்ல பல். வலி எங்கே என்று பிடுங்கியவருக்கும் தெரியவில்லை, வாயைத் திறந்து காட்டியவளுக்கும் தெரியவில்லை. போனதென்னவோ அவள் பல்தான்.

கடைசியில் நரம்பு டாக்டரிடம் போனாள். அவர் கன்னத்தைத் தொடாமலே கண்டுபிடித்தார்: முகத்து நரம்பின் கோளாறு. மாத்திரை கொடுத்தார். வலி பாதி குறைந்தது, தலை முழுசாகச் சுற்றியது. அந்தச் சுற்றலில் ஒரு நாள் இரண்டாம் நடைமேடை வண்டியை ஐந்தாம் நடைமேடை என்று அறிவித்துவிட்டாள். நாற்பது பேர் வேறு ஊர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மேனேஜர் படியேறி வந்தார். மனுஷருக்குப் படியேறுவதே பெரிய தியாகம்.

"இங்க பாரும்மா. ரெண்டு மாசம் லீவு எடுத்துக்க. ஒண்ணாந்தேதி வந்து ஒழுங்காப் பேசினா மைக் உனக்கு. இல்லேன்னா குடோன். தொலைஞ்ச மூட்டைங்களுக்கு யாரும் அறிவிப்பு சொல்லத் தேவையில்ல."

பதினெட்டு வருஷத்தை மனுஷர் ஒரு மூட்டையாகக் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டார்.

மாத்திரை ஒத்துவரவில்லை என்றதும் நரம்பு டாக்டர் இன்னொரு வழி சொன்னார். "போடாக்ஸ் ஊசி போட்டுப் பாக்கலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறையப் பேருக்குக் கேட்டிருக்கு."

போடாக்ஸ் என்ற அந்த ஒரு வார்த்தை போதாதா? நாத்தனாருக்கு அன்று சாயங்காலமே மூக்கில் வேர்த்துவிட்டது.

"அண்ணி, நிஜமாவா? அந்தச் சினிமாக்காரிங்க சுருக்கம் போகப் போட்டுக்குவாங்களே, அதா? ஐம்பது வயசுல அழகு ஊசி கேக்குதா உங்களுக்கு? இதுக்குத்தான் இத்தனை நாள் கன்னத்துல கை வச்சிக்கிட்டு நடிச்சீங்களா?" பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "அண்ணே, பாத்துக்க. அடுத்து புருவம் வரைஞ்சுக்குவாங்க" என்றாள்.

மைக்கக்காவின் கணவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் இந்த மாதிரி நேரத்தில் செய்வதையே அவரும் செய்தார்: பேப்பரைப் புரட்டினார்.

ஊசி போடுகிற அன்று அவர் கூட வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். டாக்டர் வலது கன்னத்தில் பேனாவால் புள்ளி புள்ளியாகக் குறித்தார். இருபது புள்ளி.

"உள்ள என்ன மருந்து டாக்டர்?" என்றார் கணவர்.

"ஒரு கிருமி உண்டாக்குற விஷங்க. துளியிலும் துளி அளவு. தோலுக்கு அடியில போட்டா, வலியைத் தூண்டிவிடுற சமாசாரம் நரம்பு முனையிலேர்ந்து வெளிய வராம அடக்கும்."

"விஷமா!"

மைக்கக்கா பல்லைக் கடித்தபடி சொன்னாள்: "உங்க தங்கச்சி வாயில வர்றதைவிடவா?"

டாக்டரின் கை ஒரு நொடி நின்றது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் முதல் ஊசி இறங்கியது.

ஒரு வாரம் ஒன்றுமில்லை. நாத்தனார் தினமும் வந்து சுருக்கம் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுப் போனாள். பத்தாம் நாள் காலை, மைக்கக்கா பிரஷ்ஷைக் கடைவாய்க்குக் கொண்டுபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெட்டு வரவில்லை. இன்னொரு தடவை தேய்த்தாள். அப்போதும் வரவில்லை. கண்ணாடியைப் பார்த்து இரண்டு கண்ணாலும் அழுதாள். வலது கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்க மனம் வரவில்லை அவளுக்கு.

ஆனால் ஊசி மருந்தால் உதட்டின் வலது ஓரம் சற்றே தொங்கியிருந்தது. சில வாரத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாத்தனாருக்கு அது போதும்.

"என்ன அண்ணி, என்னைப் பாத்து நக்கலா சிரிக்கிறீங்க?"

"சிரிக்கலை," என்றாள் மைக்கக்கா. "ஆனா நல்ல யோசனை."

ஒன்றாம் தேதி. கண்ணாடி அறையில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அச்சடித்த வாசகம் மேசை மேல்: 'பயணிகளின் அன்பான கவனத்திற்கு. கடற்கரைக்குப் புறப்படும் பேருந்து மூன்றாம் நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது.'

மைக்கைத் திறந்தாள். வலி இல்லை. "பயணிகளின்" என்றாள். உதடு சரியாக ஒட்டாமல் 'ப' காற்றாகப் போய்விட்டது. பலூனில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் நிலையம் முழுக்கக் கேட்டது. கீழே யாரோ சிரித்தார்கள்.

"இதுக்கா ரெண்டு மாசம்?" என்றார் மேனேஜர். "மைக்கை ஆஃப் பண்ணும்மா. குடோன் சாவி கீழ இருக்கு."

அவள் கை பொத்தானுக்குப் போனது, நின்றது. காகிதத்தைப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் 'ப'. இல்லாத இடத்தில் 'ம'. உதடு ஒட்டினால்தான் வரும் எழுத்தாகப் பொறுக்கியெடுத்து எவனோ எழுதி வைத்திருக்கிறான்! பதினெட்டு வருஷமாகப் பயணிகள் இந்த அன்பான கவனத்தைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை, அதற்குப் பின்னால் வருகிற இடத்தின் பெயருக்குத்தான் காத்திருந்தார்கள். காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"கடற்கரைக்கு வண்டி எடுக்கறாங்க. டீக்கடை எதிர்ல நிக்குது. ஏறுங்க."

ஒரு எழுத்தும் சிதறவில்லை. கீழே பெஞ்சில் சாய்ந்திருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள். எந்த நடைமேடை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

"இதென்ன சந்தைக்கடையா? இது வாசகத்துலயே இல்லையே!"

"காகிதத்துல இல்லைதான். ஆனா ஆளுங்க ஏறிட்டாங்களே, சார்."

மேனேஜர் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தார். வண்டி நிறைந்து கிளம்பிக்கொண்டிருந்தது. ஒழுங்காகப் பேசினால் என்று சொன்னவர் அவர்தான். ஒழுங்கு என்றால் என்ன என்று சொல்லாமல் விட்டதும் அவர்தான். பணிப் பதிவேட்டை இழுத்து, 'மைக்' என்ற வரிசையில் கையெழுத்தைக் கிறுக்கினார். பேனா மூடியை மட்டும் கோபமாக மூடினார். அந்த அளவுக்குத்தான் அவருக்கு அதிகாரம் மிச்சமிருந்தது.

அவர் படியிறங்கும்போதே அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. மருத்துவமனை வண்டி. மைக்கக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். மருத்துவமனையில் 'ம'. ஆஸ்பத்திரியில் 'ப'. எவன் வைத்த பெயரோ! ஓட்டுநர் மறுபடி ஹாரனை அழுத்தினார்.

"ஊசி குத்தற இடத்துக்கு வண்டி எடுக்கறாங்க. ஏறுங்க."

நிலையமே ஒரு கணம் திகைத்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்புக்கு நடுவே, கையில் எக்ஸ்ரே உறையோடு நின்ற ஒரு பெரியவர் மட்டும் சிரிக்காமல் விடுவிடுவென்று போய் முதல் ஆளாக ஏறிக்கொண்டார்.